இரண்டாவது நடவு

மேனேஜர் ஸ்ரீதர் முதன்முறையாக டில்லிபாபுவைத் தன் அறையில் உட்காரச் சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றினார். போன வருடம் மெட்ராஸில் நட்டுக்கொண்ட முடி, தேய்ந்த பிரஷ் மாதிரி அங்கங்கே நின்றது.

“புரசைவாக்கம் டாக்டர் மறுபடியும் நடலாம்கறார். பயமா இருக்கு. உனக்கு எப்படிப்பா இவ்வளவு முடி வந்தது?”

டில்லிபாபு அந்தத் தலையையே பார்த்தான். இரண்டு வருடங்களுக்கு முன், 1989 ஆயுத பூஜையன்று, மொத்த ஷிப்டும் மனைவி காந்திமதியும் பார்த்துக்கொண்டிருக்க, இதே ஸ்ரீதர் அவனுடைய வழுக்கையில் குங்குமத்தை அப்பி, “இந்த வருஷம் திருஷ்டிப் பூசணிக்காய் வாங்க வேண்டாம்” என்று சிரித்திருந்தார்.

“எனக்கும் அதே டாக்டர்தான் சார். மொத தபா இப்டித்தான் ஆச்சு. ரெண்டாவது தபா நட்டப்புறம்தான் சார், இப்டி!”

ஸ்ரீதர் முகம் மலர்ந்து அப்போதே லீவு எழுதினார்.

சாயங்காலம் வீட்டில் காந்திமதி கேட்டாள்: “மேனேஜரு இன்னாத்துக்குக் கூப்ட்டாரு?”

“ரெண்டாவது தபா முடி நடலாமான்னு கேட்டாரு. தைரியமா நடுங்க சார்னேன்.”

“அய்யய்யோ! உனுக்கு மிச்சம் இருந்ததும் கொட்னது அந்த ரெண்டாவது தபாலதானே?”

“ஆமா” என்று சொல்லி, டில்லிபாபு தலையிலிருந்த டோப்பாவைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.