சும்மா வந்தவர்

தையல்காரி மிஷினை மிதித்துக்கொண்டே அவரைப் பார்க்கிறாள். ஆங்கிலிக்கன் கோயில் உபதேசியார். சுவிசேஷ வாரம் என்று தெருவில் ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்குகிறவர். கண்ணாடிக் கதவு வழியாக வந்த வெயில் அவருடைய பாலிஷ் போட்ட ஷூவில் பளபளக்கிறது. "சும்மாதாம்மா வந்தேன்" என்கிறார். சும்மா வருகிறவருக்கு நோட்டும் பேனாவும் எதற்கு என்று அவளுக்கு உறுத்துகிறது. "ஜெபக்குறிப்பு ஏதாவது இருக்கா? வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" "வெளியூர்ல வேலை. நல்லாத்தான் இருக்காரு." மூன்று மாதமாகத் தெரு முழுக்க அவள் சொல்லிவருவதும் இதைத்தான். "அப்போ ஒரு சின்ன ஜெபம்" என்று அவர் கண்ணை மூடுகிறார். அவள் மூடவில்லை. "ஆண்டவரே, உம்முடைய மகளை விட்டு ஓடிப்போன புருஷனை மறுபடியும் இந்த வாசலுக்குக் கொண்டு வாரும்..." மிஷின் நின்றுவிடுகிறது. அவன் ஓடிப்போனது நாத்தனார் ஒருத்திக்குத்தான் தெரியும். ஞாயிறு தவறாமல் அந்தக் கோயிலுக்குப் போகிறவள் அவள். "ஐயா, நான் வெளியூர்னுதானே சொன்னேன்?" உபதேசியாரின் வாய் ஒரு நொடி திறந்தபடி நிற்கிறது. கண் மட்டும் திறக்கவில்லை. நாட்டை ஆளுகிறவர்களுக்காகவும், நோயாளிகளுக்காகவும், பயணம் செய்கிறவர்களுக்காகவும் ஜெபத்தை நீட்டிக்கொண்டே போகிறார். அவள் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி ஆமெனுக்காகக் காத்திருக்கிறாள்.