கண்ணாடி அலமாரியில் இரண்டு சீமைச் சாமான்கள்

ஊட்டி பங்களா ஒன்றின் கண்ணாடி அலமாரியில் ஸ்காட்லாந்து விஸ்கி பாட்டிலும் இங்கிலாந்துத் தேநீர்க் கெண்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. விருந்தாளி யாராவது பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தால் கெண்டிக்கு வயிறு எரியும். கெண்டியைத் துடைத்து வைத்தால் பாட்டிலுக்குப் பொறுக்காது.

"பிரிட்டன்னா நான்தான்" என்று பீற்றும் கெண்டி.

"உன் பிரிட்டனே எனக்கு வேண்டாம். நான் ஸ்காட்லாந்து" என்று முறைக்கும் பாட்டில்.

சமையல்காரி எஸ்தர் ஒருநாள் அங்கே வைத்த எவர்சில்வர் டம்ளர் கேட்டது: "நீங்க ரெண்டு பேரும் ஒரே வெள்ளைக்காரங்கதானே?"

"இவனும் நானும் ஒண்ணா?" என்று இரண்டும் ஒரே குரலில் சீறின.

மறுநாள் எஸ்தர் அலமாரியைத் திறந்தாள். இரண்டும் பளபளத்தன. அவளோ டீ குடிக்க டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

பாட்டில் மெல்லக் கெண்டியின் பக்கம் சாய்ந்தது.

"பார்த்தியா தம்பி? நாம பிரிட்டன்காரங்க. நமக்கே இந்தக் கதியா!"