பெஹிப்பழ வறுவல்

"ஏண்டி, கதவைத் திற. நானும் வந்து பார்க்கறேன்."

அடுப்படிக் கதவை அதோலத் தட்டியது இது நாலாவது முறை. "எல்லாம் நான் பார்த்துக்கறேம்மா, நீ போய்த் தேநீர் ஊத்து" என்று உள்ளிருந்து மகள் முஹய்யோவின் குரல் மட்டும் வந்தது.

மர்கிலான் ஊர்ப் பட்டாலையில் எந்தத் தறி நின்றாலும் முஹய்யோ கை வைத்தால் ஓடும். அதே கை அடுப்பில் பட்டால் வெந்நீர்கூடக் கருகும். இருபத்தேழு வயதாகிவிட்டது. இதுவரை மூன்று வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள், சாப்பிட்டார்கள், சம்மதத்துக்கு அடையாளமாக ரொட்டியைப் பிய்க்காமலே எழுந்து போனார்கள்.

இன்று வந்திருப்பவளோ சனோபர். சமையலில் அந்த வட்டாரத்தையே ஆட்டி வைக்கிறவள். வழக்கப்படி மாப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, தன் நாத்தனாரோடு வந்து ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் இல்ஹோம் முஹய்யோவின் ஆலையிலேயே நூலுக்குச் சாயம் போடுகிறவன். பதினோரு பெண்களை வேண்டாம் என்று தள்ளிய அந்த மகராசன், இந்த வீட்டு விலாசத்தை மட்டும் தானே எழுதிக் கொடுத்தானாம். சொல்லும்போதே சனோபருக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"பையன் பிடிச்சா மட்டும் போதாது அக்கா. கைப்பக்குவம் பார்க்காம நான் ரொட்டியைத் தொட மாட்டேன்" என்றாள்.

அதோலத் தலையை ஆட்டி வைத்தாள். அடுப்படியில் மகள் கலகலவென்று சிரிப்பது கேட்டது. சமைக்கிற நேரத்திலும் போனில் பேச்சா என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் வாசனை கூடத்துக்கு வந்தது. ஆட்டுத்தொடை வறுபடும் மணம், சீரகம், பட்டை. கூடவே, ஆப்பிளைப் போலிருக்கும் இலையுதிர்காலத்துப் பெஹிப்பழம். பச்சையாகக் கடித்தால் பல் கூசும் அந்தப் பழம் இறைச்சிச் சாற்றில் வெந்து, தேனாக மணத்தது. இது நம் வீட்டிலிருந்துதான் வருகிறதா என்று அதோலத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது.

முஹய்யோ தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இறைச்சி எலும்பை விட்டுக் கழன்று கிடந்தது. பழத்தின் நடுவைக் குடைந்து, பட்டையையும் ஒரு துண்டு வால்கொழுப்பையும் உள்ளே வைத்து நூலால் கட்டியிருந்தது. அதோலத் பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

சனோபர் ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். அப்படியே நிறுத்திவிட்டாள். நூலை விரலால் பிரித்துப் பார்த்தாள்.

"யார் சமைச்சது?"

"என் பொண்ணுதான். எங்க பரம்பரையிலேயே இப்படித்தான் செய்வோம்" என்று அதோலத் கூசாமல் புளுகினாள். முஹய்யோ சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காது சிவந்துவிட்டது.

சனோபர் பெண்ணையே உற்றுப் பார்த்தாள். போச்சு, இதுவும் போச்சு என்று அதோலத் முடிவே கட்டிவிட்டாள்.

சனோபர் கை நீட்டி வட்ட ரொட்டியை எடுத்தாள். இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அதோலத்தின் கையில் வைத்தாள். நாத்தனார் துஆ ஓதத் தொடங்கினாள். அதோலத்துக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

சனோபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முஹய்யோவிடம் சொன்னாள்:

"இந்தப் பக்குவத்தை நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன். உள்ள நிக்கிற என் மகனைக் கூப்பிடும்மா, அவனும் சூடா சாப்பிடட்டும்."