பட்டியலில் இல்லாத பெயர்

தொற்றுக் காலம் என்பதால் ஒரு ஆட்டக்காரரின் வீட்டுக்கு இரண்டு சீட்டுதான். பள்ளிக்கூடக் கூடைப்பந்து ஃபைனலுக்கான டிக்கெட் ஜன்னலில் லோர்னா மூன்றாவது முறையாகப் பட்டியலைப் புரட்டினாள்.

"உங்க பேரு இல்லையே, ஐயா. உங்க பையன் எங்க டீமா, எதிர் டீமா?"

முகக்கவசம் போட்ட கிழவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். "எங்கயாவது மூலையில நின்னுக்கறேம்மா. இது அவனோட முதல் ஃபைனல்."

"நீங்க வேற, நாங்க ஃபைனலுக்கு வந்ததே பெரிசு! போன வாரம் அந்தக் குருட்டு ரெஃப்ரி எங்களத் தோக்கடிக்கப் பாத்தான். அவனத் திட்டித் திட்டி எனக்குத் தொண்டையே போச்சு. இன்னைக்கும் அவன்தானாம்!"

"தெரியும்மா. கார்ல உக்காந்து ரேடியோவுல கேட்டேன். உங்க குரல்கூடக் கேட்டுச்சு."

உள்ளே விசில் ஒலித்தது. கிழவர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப ஊதினானே, அவன்தாம்மா என் பையன். ரெஃப்ரி வீட்டுக்கு யாரும் சீட்டு ஒதுக்கறதில்ல. அத்தன பேர் திட்டற இடத்துல, திட்டாத ஆள் ஒருத்தராவது வேணாமா?"

லோர்னா பட்டியலை மூடினாள். தனக்கென்று எடுத்து வைத்திருந்த சீட்டை ஜன்னல் வழியே நீட்டினாள்.

"முதல் வரிசை. என் இடத்துல உக்காருங்க. எனக்குத்தான் தொண்ட சரியில்லையே."