பத்திரமாக ஒரு மாஸ்க்

நீலம் பாரித்த கைக்குழந்தையின் முகத்தில் நர்ஸ் மூச்சு கொடுக்கும் மாஸ்க்கை வைத்தாள். அது கண்ணையும் சேர்த்து மூடியது. ஆம்புலன்ஸ் பறந்தது.

"இது பெரியவங்களுக்குப் போடறது இல்லையா? சின்னது கிடையாதா?" என்று தாய் பதறினாள்.

"இருக்கும்மா. ஆபீஸ் பீரோல பூட்டி வச்சிருக்கு. வண்டியில வச்சா நாங்க தொலைச்சிடுவோமாம்."

"எந்த மடையன் பூட்டினான்? சாவி யார்கிட்ட இருக்கு?"

நர்ஸ் ஒரு கையால் மாஸ்க்கை அழுத்திப் பிடித்து, மறு கையால் காற்றுப்பையை அமுக்கிக்கொண்டே இருந்தாள். ஓரமெல்லாம் காற்று கசிந்தது. குழந்தையின் மார்பு உயரவில்லை.

"அப்பா, நீங்களாவது கேளுங்கப்பா. இந்த ஆம்புலன்ஸுக்கெல்லாம் நீங்கதானே ஆபீசர்?"

எதிரே உட்கார்ந்திருந்த அவள் அப்பா வாய் திறக்கவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்துதான் பேசியது.