இரண்டாவது வியூவர்

"யாரைக் கேட்டு இதை இன்ஸ்டால் பண்ணீங்க?"

"யாரையும் கேக்கல சார். நானேதான் பண்ணேன்."

பூட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பெனியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்ப்பவர் அவர். அனுமதியில்லாத எதையும் உள்ளே விடமாட்டார் என்பதால் ஆபீசில் அவருக்குப் பெயரே பூட்டு. இத்தனை வருஷத்தில் அவரிடம் சிக்கியவர்கள் எல்லாரும், "தெரியாமப் பண்ணிட்டேன் சார்" என்று குழைவதைத்தான் பார்த்திருக்கிறார்.

இவள் வேறு ரகம். பதினோரு வருஷமாகப் புரோகிராம் எழுதுகிறவள். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி போடுவதால் இவளுக்கும் ஒரு பெயர் உண்டு, வக்கீல். அடுத்த மாதம் டீம் லீடர் ஆக வேண்டியவள்.

விஷயம் ஒரு வியூவர்தான். புதிதாக வாங்கிய மென்பொருளுக்கு டெவலப்பர் கையேடு நாலாயிரம் பக்கம். அச்சில் இல்லை, ஃபைலாகத்தான் வந்திருந்தது. அதைத் திறந்து படிக்கக் கம்பெனியே எல்லாருக்கும் ஒரு வியூவர் கொடுத்திருந்தது. வக்கீல் அதை ஓரங்கட்டிவிட்டு, இணையத்திலிருந்து வேறொன்றை இறக்கிப் போட்டிருந்தாள்.

"கம்பெனி குடுத்ததுக்கு என்ன குறைச்சல்?"

"எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. பெருசு பண்ணவும் வழியில்ல. மாத்திக் குடுங்கன்னு உங்களுக்கு மூணு மெயில் போட்டேனே சார்."

போட்டிருந்தாள். மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பூட்டு பதில் போட்டிருந்தார்.

"உங்க கண்ணுக்கு என்ன மேடம் குறை? அந்தக் கோடியில இருக்கற கடிகாரத்துல நொடி முள்ளு வரைக்கும் உங்களுக்குத் தெரியும்."

"அது வேற விஷயம். நீங்க அழிச்சா நான் மறுபடி போடுவேன்."

பூட்டு அழித்தார். மறுநாள் காலை அது மறுபடி இருந்தது. திரும்ப அழித்தார். மதியச் சாப்பாட்டுக்குப் போய்வருவதற்குள் முளைத்துவிட்டது.

மூன்றாம் முறை அழிக்கப் போகும்போதுதான், அதன் கீழ் ஓரத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. 'இந்த லைசென்ஸ் இரண்டு கம்ப்யூட்டர்களில் பயன்பாட்டில் உள்ளது. இதில் அழித்தால் மற்றதிலும் நின்றுவிடும்.'

அப்படியானால் இன்னொன்று எங்கே? மேசை மேசையாகப் போய் அந்த மாடி முழுக்கத் துழாவினார். கிடைக்கவில்லை.

விவகாரம் சீஃப் வரை போனது. சீஃப் என்றால் தலைமை இன்ஜினியர். ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து அவர் சரி சொல்லாமல் ஒரு டிசைனும் வெளியே போகாது. அனுமதி விதியை எழுதியதே அவர்தான்.

மீட்டிங் அறையில் டீம் ஆட்கள் ஏழு பேரும் உட்கார்ந்திருக்க, பூட்டு ஆரம்பித்தார்.

"இன்னொரு மிஷின் எது மேடம்?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"யாருக்குப் போட்டுக் குடுத்தீங்க?"

"தேவைப்பட்டவங்களுக்கு. கேட்டாங்க, போட்டுக் குடுத்தேன். வெளிய சொல்லாதேன்னாங்க, சொல்லல. சொல்றதா இருந்தா அவங்களே சொல்லட்டும்."

கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பூட்டு ஏழு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

சீஃப் முன்னாலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தொண்டையைக் கனைத்தார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். மெமோ அடிச்சிட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்."

வெளியே வந்ததும் பூட்டுக்கே மனசு கேட்கவில்லை.

"மெமோ வந்தா டீம் லீடர் போஸ்ட் கைவிட்டுப் போயிடும் மேடம். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க, இதோட முடிச்சுக்கலாம்."

"தப்பு பண்ணவங்கதான் மன்னிப்பு கேக்கணும் சார். படிக்க முடியாத எழுத்தைப் படிக்கற மாதிரி பண்ணது எப்படி சார் தப்பாகும்? மெமோவைக் கொண்டாங்க, வாங்கிக்கறேன்."

என்ன திமிர் என்று நினைத்தார் பூட்டு. அந்தச் சூட்டோடு சூடாக மெமோவை அடித்து எடுத்துக்கொண்டு சீஃப் அறைக்குப் போனார்.

கதவு பாதி திறந்திருந்தது. சீஃப் கம்ப்யூட்டர் திரையில் மூக்கு இடிக்கிற மாதிரிக் குனிந்திருந்தார். திரை முழுக்க நாலே நாலு வார்த்தைகள். ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் பருமன்.

அந்த வியூவரைப் பூட்டுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு முறை தன் கையால் அழித்திருக்கிறார். இந்த அறையில் இருந்த மிஷினை மட்டும் அவர் சோதித்துப் பார்த்ததே இல்லை. அதற்கு அனுமதி வாங்க வேண்டியது சீஃபிடமே.

"யாரது?"

நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார் பூட்டு. "நான்தான் சார். மெமோ."

சீஃப் தாளை வாங்கினார். இன்னொரு கை மேசைமேல் பேனாவைத் தடவித் தேடியது. தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பிறகு கீழே வைத்தார்.

"எங்க கையெழுத்துப் போடணும்? விரல் வச்சுக் காட்டுங்க."

பூட்டு விரல் வைக்கவில்லை. தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஏன், என்னாச்சு?"

"இதுல ஆள் பேர் மாறிப்போச்சு சார். உங்க பேரைப் போட்டு அடிச்சிட்டு வரேன்."