பிளாஸ்க் கொள்ளும் பை

“மணி அஞ்சு பத்து. ஆறுக்குள்ள நான் சாப்பிட உக்காரலன்னா எங்கம்மா என்னைத் தேடிக்கினு பஜாருக்கே வந்துடும்,” என்றாள் ஜினப்பிரியா.

சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் அவள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. கூட வந்த கோமதேஷ் மேல்சித்தாமூர்க்காரன். அவன் வீட்டிலும் அதே வழக்கம்.

முருகையனின் பைக்கடையில் வேறு ஆளில்லை. ஜினப்பிரியா கட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்க், இரண்டு டிபன் பாக்ஸ், இரண்டு டம்ளர் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். இவ்வளவும் கொள்ளும்படி, முதுகில் மாட்டுகிற சின்னப் பை வேண்டும் என்றாள். ஆயிரத்தைத் தாண்டக் கூடாது.

“மெஸ்ஸு வச்சிக்கீறீங்களா?” என்றார் முருகையன்.

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். நிறுத்தக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

டிபன் பாக்ஸ்தான் கேமரா, பிளாஸ்க் பெரிய லென்ஸ், டம்ளர் சின்ன லென்ஸ் என்று கோமதேஷ் விளக்கினான். இருவரும் ஆறு வருடமாகக் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவர்கள். அவன் தனியாக, அவள் தனியாக. போன மாதம் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை ஏறும்போது அவளுடைய பழைய பையின் வார் அறுந்தது. ஒரு லென்ஸ் ஏழு படி உருண்டு உடைந்தது. இருவருக்கும் சேர்த்து மிச்சமிருப்பது இவ்வளவுதான். அடுத்த மாதம் சேர்ந்து ஒரு ஸ்டுடியோ திறக்கிறார்கள். இதில் இன்னொன்று உடைந்தால் திறக்க முடியாது. அந்தப் பயத்தில் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, அளவுக்குப் பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள்.

“எப்ப வேணும்?”

“இப்பவே. நாளைக்கு விடியக்காலையில முகூர்த்தம். முடிஞ்சதும் மண்டபத்துலேருந்தே ஊட்டிக்குக் கெளம்பறோம். பஸ்ஸு எவ்ளோ குலுக்கினாலும் தாங்கணும்.”

ஊட்டியில் அவுட்டோரா என்று முருகையன் கேட்டார். ஆமாம் என்றான் கோமதேஷ். ஜினப்பிரியா பிளாஸ்க்கை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

முதலில் வந்தது நிஜமான கேமரா பை. மூவாயிரத்து எண்ணூறு. அவள் விலைச்சீட்டைப் பார்த்தாள். தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல அதைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

இரண்டாவது பள்ளிக்கூடப் பை. கோமதேஷ் எல்லாவற்றையும் உள்ளே போட்டு மாட்டிக்கொண்டு மூன்று முறை குதித்தான்.

“பாத்திர வண்டி வந்துடுச்சி,” என்றாள் ஜினப்பிரியா.

மூன்றாவது சரியாக இருந்தது. விலையும் சரி. ஆனால் வாரில் பழுப்பாக ஒரு பட்டை. தோல் பொருள் இருவரும் தொடுவதில்லை. ரெக்சின்தான் என்று முருகையன் சத்தியம் செய்தார். இருவரும் ஒரே சமயத்தில் முகர்ந்து பார்க்கக் குனிந்ததில் தலைகள் முட்டிக்கொண்டன. மறுபடி சிரிப்பு. முருகையன் தானும் ஒருமுறை முகர்ந்துவிட்டு அதை உள்ளே கொண்டுபோனார்.

நான்காவதைப் பரணிலிருந்து இறக்கினார். தயங்கித்தான் கொடுத்தார். உள்ளே சுற்றிலும் பஞ்சு மெத்தை. பக்கத்தில் வட்டமாக மூன்று அறைகள். பிளாஸ்க் ஒன்றில் இறங்கியது. டம்ளர்கள் மற்ற இரண்டில். நடுவில் டிபன் பாக்ஸ்கள் அசையாமல் உட்கார்ந்தன. கோமதேஷ் குதித்தான். சத்தமில்லை. தெருவில் இறங்கி டீக்கடை வரை ஓடித் திரும்பினான். சத்தமில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவனையே பார்த்தார்கள்.

“எட்நூத்தி அம்பது,” என்றார் முருகையன். “ஆனா ஒண்ணு. இது கொழந்த பையி. பால்புட்டி, துணியெல்லாம் வைக்கிறது.”

அப்போதுதான் பார்த்தார்கள். பையின் முன்பக்கத்தில் மஞ்சளாக ஒரு வாத்து இருந்தது.

கோமதேஷ் கூரையைப் பார்த்தான். ஜினப்பிரியாவுக்குக் காது வரை சிவந்தது. உள்ளே கேமரா இருப்பது எந்தத் திருடனுக்கும் தெரியாது என்று கோமதேஷ் மெல்லச் சொன்னான். அவள் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு பணத்தை எடுத்து நீட்டினாள்.

முருகையன் யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்தார். செஞ்சியில் அவருக்குத் தெரியாத வீடில்லை. அவள் கட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு பத்திரிகையை எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டினார். பத்திரிகையில் பெண், மாப்பிள்ளை இருவர் படமும் இருந்தது. படத்தைப் பார்த்தார். எதிரில் நின்ற இருவரையும் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது. நாளைக்குக் காலையில தாலி, இன்னிக்கு ரெண்டு பேரும் கட கடயா சுத்தினுகீறீங்க?”

வீட்டில் ஜாக்கெட் வாங்க டெய்லர் கடைக்குப் போவதாகச் சொல்லியிருப்பதாக அவள் சொன்னாள். கோமதேஷ் எதுவும் சொல்லாமல் வந்தவன்.

“நல்லா இருங்க,” என்றார் முருகையன். பையைத் துடைத்துக் கொடுத்தார். “ஆனா இந்த வாத்த மாட்டிக்கினு மண்டபத்துல நிக்காதீங்க. போட்டோவுல வுழுந்துச்சின்னா ஆயுசுக்கும் கேப்பாங்க. போட்டோக்காரர்கிட்ட இப்பவே சொல்லி வையிங்க. யாரு எடுக்கறது?”

“பொண்ணு வீட்ல ஏற்பாடு,” என்றான் கோமதேஷ்.

“மாப்ள வீட்ல,” என்றாள் ஜினப்பிரியா, அதே நேரத்தில்.

கோமதேஷ் பையை மெதுவாக மேசைமேல் வைத்தான்.

“மாப்பிள்ளையே போட்டோகிராபர், அவங்க பாத்துப்பாங்கன்னுதான் எங்க நைனா யார்கிட்டயும் சொல்லல,” என்றாள் ஜினப்பிரியா. “நீங்க ஏன் சொல்லல?”